முந்நூறு எம்பி

கொம்பனித்தெருவில், ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
போன் கவரும் ரீலோடும் விற்கிற கடையில்
பின்மேசை என்னுடையது.
படம் ஏற்றுவது வேலை.
எட்டு ஜீபி சிப்புக்கு இருபத்துநாலு படம்,
இருநூற்றைம்பது ரூபா,
சிப் உங்களுடையதென்றால்.

நாலு ஜீபியை முந்நூறு எம்பியாக்க
முதலில் மழையைத்தான் கொல்ல வேணும்.
மழை இடம் கூடப் பிடிக்கும்.
ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு கணமும் வேறெங்கோ நிற்கிறது,
கணக்கு வைத்து மாளாது.
ஆகவே மழை சாம்பல் கட்டங்களாய் இறங்கும்,
நாயகி அதில் நனைந்துகொண்டிருப்பாள்.
அடுத்தது இருட்டு.
கறுப்பு ஒரே கறுப்பாய் இராது,
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தார் ஊற்றின றோட்டு மாதிரி.
சுவருக்கு ஒன்றும் ஆகாது.
அசையாததை ஒருமுறை சொன்னால் போதும்.
ஓடுகிறவர்களைத்தான் பிடிக்க முடியாது.

குரல் இந்தி.
உதடு தமிழ்.
"போடா" என்று வாய் திறந்து மூடும்,
ஏழு சொல் வந்து விழும்.
இப்படித்தான் நான் இந்தி படித்தேன்,
உதட்டில் கேள்வி, காதில் விடை.
"நம்மட படத்தை நம்மட கடையில
நமக்கு விளங்காத பாஷையில விக்கிறம், பாத்தியா"
என்பார் நிஸ்தார் நானா, சல்லியை எண்ணிக்கொண்டே.
வாங்குகிறவர்கள் எதிரே எழும்பும் கோபுரத்தின் ஆட்கள்.
பீகார், ஜார்க்கண்ட், கொஞ்சம் வங்காளம்.
ஞாயிறு பின்னேரம் வருவார்கள்,
காது மடலில் சீமெந்து,
ஒரு போனில் எட்டுப் பேர் பார்க்க.

ராம்பிரவேஷ் மட்டும் ஒருநாள்
ஒரே ஒரு படத்தைப் பெரிதாகக் கேட்டான்.
"ஃபுல்" என்றான். "எல்லாம் தெரியிற மாதிரி."
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
ஐதராபாத்தில் கல் சுமந்த காலத்தில்
ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்தார்களாம்,
முந்நூறு ரூபாயும் முட்டைச் சோறும்.
கலவரக் காட்சி.
மூன்றாம் வரிசை, மஞ்சள் சட்டை, கையில் ரப்பர் கல்.
சின்னப் பிரதியில் அந்தக் கூட்டம்
கிண்டிவிட்ட கஞ்சி.
மஞ்சள் இருக்கிறது. முகம் இல்லை.
அறையில் ஒருத்தனும் நம்பவில்லை.

நாலரை ஜீபி. இரண்டு இரவு இறக்கினேன்,
இடையில் ஒரு தரம் கரண்ட் போனது.
செவ்வாய்க்கிழமை வந்தான், வேலைத் தொப்பியோடேயே.
ஒரு மணி பதினேழு நிமிடம்.
நிறுத்து. இல்லை, முன்னால். இல்லை, கொஞ்சம்,
இதோ.
பத்து வயது இளையவன், பல்லு முழுதாய்.
எல்லாரும் ஓடுகிறார்கள், அவன் ஓடவில்லை,
கல்லை எறியவில்லை,
நேரே கமெராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
பார்க்காதே என்று கட்டாயம் சொல்லியிருப்பார்கள்.
ஒன்றரை விநாடி.
நின்றவனையும் ஓடினவர்களோடு சேர்த்துத்தான்
அந்த முந்நூறு எம்பி கரைத்திருக்கிறது.

மூன்று தரம் பார்த்தான்.
நாலாம் தரம் திரையைப் பார்க்காமல்
சிப்பை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.
இதை ஏற்றினால் பதினைந்து படம் அழிக்க வேணும், என்றேன்.
பதினைந்து, என்று சொல்லிப் பார்த்தான்.
"சின்னதையே விடு.
என்ட முகம் எட்டுப் பேருக்கு
ஒரு ராத்திரிக்கும் காணாது."

அந்த ஒன்றரை விநாடியை மட்டும் வெட்டித் தந்திருக்கலாம்.
ஐந்து நிமிட வேலை.
அவன் பாலத்தடித் தண்ணீரைத் தாண்டிப்
போன பிறகுதான் தோன்றியது.
அடுத்த ஞாயிறு புது ஆட்கள்,
கண்ணாடி பூட்டுகிற கூட்டம்.
பழைய கூட்டம் மாலைதீவாம்.

டிஸ்க் நிரம்பிவிட்டது.
நானா என் தோளுக்கு மேலால் குனிந்து
பெரிய ஃபைலைத் தொட்டுக் காட்டுகிறார்.
"நாலரை ஜீபிக்கு இங்க ஆர் வாறது? அழி."
அதில மழை நல்லா விழுது நானா, என்கிறேன்.
அவர் வாசலுக்குப் போய்
வெளியே எட்டிப் பார்க்கிறார்.